அந்த ஒரு நிமிஷம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரா வர்றேன்.

உலகத்தையே டிவி முன்னாடி உட்கார வைக்கிறது கால்பந்து உலகக் கோப்பைதான். 2022 இறுதிப் போட்டியை ஏறக்குறைய 150 கோடிப் பேர் பார்த்தாங்கன்னு ஃபிஃபா சொல்லுது. எதிரணி சொல்ற சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலோட இறுதிப் போட்டி, 2025-ல அதுக்கு அமெரிக்காவுல சராசரியா 12.77 கோடி. கணக்கு முடிஞ்சுது. உட்கார்ந்திருப்பேன்.

ஆனா எதிரணி நண்பர் விடலையே! "சூப்பர் பவுல் கணக்கு சராசரி, உங்க 150 கோடி எட்டிப் பார்த்தவன் கணக்கு. சேனல் மாத்துறப்ப ஒரு நிமிஷம் நின்னவனையும் சேர்த்துட்டாங்க"ன்னாரு. நீங்களும் கை தட்டினீங்க, பார்த்தேன்.

ஒரு நிமிஷம்னா அவ்வளவு இளப்பமா?

எங்க மாமா அந்த இறுதிப் போட்டி அன்னிக்கு அர்ஜென்டினா கட்சி. மெஸ்ஸி ஒண்ணு, டி மரியா ஒண்ணு, ரெண்டுக்குச் சைபர். 79 நிமிஷம் ஆச்சு. "இனி என்னடா இருக்கு"ன்னு துண்டைத் தோள்ல போட்டுக் குளிக்கப் போயிட்டாரு. தாழ்ப்பாள் விழுந்த சத்தம்... பிரான்ஸோட எம்பாப்பே பெனால்டி, கோல்! உள்ளே முதல் சொம்புத் தண்ணி ஊத்துற சத்தம்... எம்பாப்பே திரும்பவும் கோல்! நடுவுல 97 செகண்டு, ஐயா! நாங்க கத்தின கத்துல, தலையெல்லாம் நுரையோட கதவைத் திறந்தாரு. ஸ்கோரைப் பார்த்தாரு. "ஏன்டா, வேற மேட்ச் வச்சிட்டீங்களா?"ன்னாரு. அதுக்கப்புறம் கூடுதல் நேரம் முடிய, நுரை காயக் காய, நின்னுக்கிட்டே பார்த்தாரு. இவரை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க நண்பரே? சராசரியிலயா, சோப்புலயா?

சரி, சிரிச்சாச்சு.

அன்னிக்குப் பாட்டியும் இருந்தாங்க. பந்தாட்டம்னா என்னன்னே தெரியாது. பெனால்டி ஷூட்அவுட் நேரம், தண்ணிச் செம்போட ஹாலைத் தாண்டிப் போனவங்க நின்னுட்டாங்க. பிரான்ஸோட கோமான் அடிச்சதை அர்ஜென்டினா கோல்கீப்பர் தடுத்துட்டாரு. தலையைத் தொங்கப் போட்டு அந்தப் பையன் தனியா நடந்து வர்றான். பாட்டி சொன்னாங்க: "யாராவது அந்தப் புள்ளை தோள்ல கை போடுங்களேன்டா."

அவ்வளவுதான், போய்ப் படுத்துட்டாங்க. யார் ஜெயிச்சாங்கன்னு கேட்கக்கூட இல்லை. இப்ப அவங்க இல்லை.

பாட்டி பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். அந்தத் தலையைக் கழிக்கச் சொல்றாரு நண்பர். கழிச்சிடட்டுமா, நடுவர் அவர்களே?