டோங்காட்டில் ஜாஸ் விழாவா? ஆமாம், ஆறரைக் கட்டையில்!

வணக்கம் மக்களே. போன வீடியோவில் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டேன்: எங்கள் டோங்காட்டில் ஒரு ப்ளூஸ், ஜாஸ் விழா நடத்தப் பார்க்கிறோம் என்று. அதற்குக் கீழே வந்த கமெண்டுகள் இருக்கிறதே! "கரும்புக்காட்டுக்குள் ஜாஸா?" என்று ஒருவர். "பேசாமல் ரஹ்மான் பாட்டு நைட் வையுங்கள், கூட்டம் அள்ளும்" என்று இன்னொருவர். சரி, இன்றைக்கு இதைப் பற்றியே உட்கார்ந்து பேசிவிடலாம். நடுவில் நாய் குரைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு நாய்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. டோங்காட் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கம். பெயர்ப் பலகையில் இப்போது ஓதோங்காத்தி என்று இருக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலும் அதற்குப் பிறகு வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் எங்கள் ஊரில் பாதி. நான் இங்கேயே பிறந்தவன். கல்யாணம், கோயில் விழா, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சவுண்ட் போடுவது என் தொழில். தமிழ் எனக்கு ஆயாவிடமும், அதாவது பாட்டியிடமும், சனிக்கிழமை வகுப்பிலும் வந்தது, அதனால் இடறினால் திட்டாதீர்கள்.

முதலில் அந்த "ஜாஸ் நமக்கு எதற்கு" என்கிற கேள்வி. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே வரும். ஏனென்றால் டர்பனில் ஜாஸை வளர்த்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1950களில் விக்டோரியா தெருவில் குட்வில் லவுஞ்ச் என்று ஒரு உணவகம் இருந்தது. நடத்தியவர் பம்பி நாயுடு. சாப்பாட்டுக் கடைதான், ஆனால் ஊரிலிருந்த ஜாஸ்காரர்கள் எல்லாரும் கூடிய இடம் அது. அமெரிக்காவிலிருந்து கிளாரினெட் வாசிக்கும் டோனி ஸ்காட் தென்னாப்பிரிக்கா வந்தபோது அங்கேயும் வந்து வாசித்தார். யார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் நிறம் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு நாயுடு கடையில் எல்லா நிறத்துக்காரர்களும் ஒரே மேசையில் பாட்டுக் கேட்டார்கள்.

இன்னும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பெரிய பாடகி மிரியம் மகேபா 1959இல் மணந்தது யாரை? சன்னி பிள்ளை என்ற இந்திய வம்சாவளிப் பாடகரை. அந்த மணம் நீடிக்கவில்லை, அது வேறு கதை. லயனல் பிள்ளை என்று ஒரு பியானோக்காரர் இருந்தார். எங்கள் நாட்டுப் பியானோ மேதை அப்துல்லா இப்ராஹிமின் 1974 பதிவான 'மானன்பெர்க்'கில் சாக்ஸ் வாசித்துப் பேர் வாங்கிய பேசில் கூட்சியேயோடு சேர்ந்து பதிவு செய்தவர். பிள்ளை, நாயுடு என்று நம் பெயர்களாகவே வருகின்றன, ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நடிகர் யார் யாரைக் கட்டினார் என்பது மட்டும் நுனிநாக்கில் இருக்கும்.

ப்ளூஸ் பக்கம் போனால் ஜூலு மக்களின் மஸ்காந்தி என்கிற நாட்டுப்புறக் கிட்டார் இசை இருக்கிறது. மடாலா குனெனே என்று ஒரு மேதை, 1951இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். எண்ணெய் டின்னில் மீன்பிடி நரம்பைக் கட்டித்தான் முதல் கிட்டாரைச் செய்துகொண்டார். கேட்டோ மேனரில் நிலம் பெரும்பாலும் இந்தியர்களுடையது, குடியிருந்தவர்களில் நிறையப் பேர் ஜூலுக்காரர்கள். பிறகு எல்லாரையுமே அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். ஆகவே ப்ளூஸை மிசிசிப்பியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, எங்களுக்கு அது அடுத்த தெரு.

இப்போது சின்ன ஊர் விஷயம். கேப் டவுனில் 2000இலிருந்து பெரிய ஜாஸ் விழா நடக்கிறது. மாநாட்டு மையம், வெளிநாட்டுப் பெரிய தலைகள், எல்லாம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு அதையே சின்னதாகச் செய்ய நினைப்பவர்கள்தான் முதல் வருஷத்தோடு கடையை மூடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது பிரான்சில் இருக்கும் மார்சியாக்கை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமம். 1978இல் விழா தொடங்கினார்கள், இன்றைக்கு உலகமே அங்கே போகிறது. அதற்குப் பின்னால் இருந்தவர் ழான் லூயி கிலோமோன் என்ற பள்ளித் தலைமையாசிரியர். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடும் நிலை வந்தபோது 1993இல் பாடத்திட்டத்திலேயே ஜாஸ் வகுப்பைச் சேர்த்தார்கள். பள்ளி பிழைத்தது. விழா முடிந்து கூடாரத்தைப் பிரித்த பிறகும் ஊரில் ட்ரம்பெட் சத்தம் கேட்கிறது என்றால் அதுதான் காரணம். நம் நாட்டிலும் முன்பு கிரஹாம்ஸ்டவுன் என்றிருந்த மகாண்டாவில், கலை விழாவோடு சேர்த்து மாணவர்களுக்கென்றே ஒரு ஜாஸ் விழா நடக்கிறது. பகலில் பட்டறை, இரவில் கச்சேரி.

அதனால் என் கட்சி இதுதான்: பெரிய பெயர் ஒன்றைக் காசு கொட்டி அழைக்காதே. உள்ளூரில் வாசிக்கிறவர்களை வை, பள்ளிப் பிள்ளைகளை வை, மிச்சக் காசை நல்ல பியானோவிலும் நல்ல சவுண்டிலும் போடு. டர்பனில் இருந்த நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே டேரியஸ் ப்ரூபெக் ஜாஸ் படிப்பைத் தொடங்கிவிட்டார், அமெரிக்காவின் பெரிய ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கின் மகன். அங்கே படித்து வெளியே வந்த அருமையான ஆட்கள் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள். கூப்பிட்டு, நியாயமான சம்பளம் கொடுத்து, சாப்பாடும் போட்டால் வருவார்கள். "சம்பளம் இல்லை, ஆனால் நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். விளம்பரத்தை வைத்து யாரும் பெட்ரோல் போட முடியாது.

ஸ்பான்சர் தேடிப் போனோம். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், உடனே சரி என்றது. ஆனால் மேடைக்குப் பின்னால் அவர்கள் பேனர், கடைசி இரண்டு மணி நேரம் டிஜே, வாசலில் அவர்கள் பியர். ஜாஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், "மத்தியானம் கூட்டம் வருவதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த ஆள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன், சவுண்ட். எங்கள் ஊரில் கிடைக்கும் செட்டெல்லாம் கல்யாணத்துக்கும் கார் பார்க்கில் ஆடுகிறவர்களுக்கும் ஏற்றது. நெஞ்சில் இடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே செட்டில் டபுள் பேஸை, அதாவது ஆள் உயர வயலின் மாதிரி நிற்கும் கீழ்ச்சுருதிக் கருவியை, விட்டால் ஒவ்வொரு சுரமும் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் உறுமலாகப் போய்விடும். டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுத்தால் முன்வரிசையைத் தாண்டிக் கேட்காது. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் பள்ளி மண்டபத்தில் தகரக் கூரை, வழவழப்பான தரை, இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒரு கைதட்டினேன். தட்டிய பிறகு மனிதர் நடந்து வெளியே போய்விடலாம், சத்தம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கு இன்னும் பெரிய ஸ்பீக்கர் தீர்வு இல்லை. எல்லாரும் செய்யும் தப்பு அதுதான், எதிரொலி இருக்கிற இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். நான் செய்யப்போவது இது: கோயிலிலிருந்து பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளங்களை வாங்கித் தரையில் போடுவது, ஜன்னல்களில் கனத்த திரை, சின்ன ஸ்பீக்கர்களை மண்டபத்தின் பாதி வரைக்கும் ஜோடி ஜோடியாக வைத்து எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவது. பின்னால் இருக்கும் ஜோடிக்குக் கொஞ்சம் தாமதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடையிலிருந்து வரும் ஒலியும் பக்கத்து ஸ்பீக்கர் ஒலியும் வேறு வேறு நேரத்தில் காதுக்கு வந்து குழப்பும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு 50 மில்லிசெகண்ட் என்று கணக்கு. கூட்டம் வந்து உட்கார்ந்ததும் பாதி எதிரொலியை மனித உடம்பே குடித்துவிடும். காலி மண்டபத்தில் செய்த செட்டிங்கை நம்பவே கூடாது.

பியானோ பெரிய தலைவலி. கடற்கரை ஈரத்தில் மரம் ஊதிச் சுருங்கும், சுருதி நிற்காது. லாரியில் ஏற்றி இறக்கினால் இன்னும் மோசம். இடத்துக்கு வந்து ஒரு நாளாவது இருந்து, அதற்கு அப்புறம்தான் சுருதி சேர்ப்பவரை அழைக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் கீபோர்டு போதும் என்கிறார்கள். கைக்கு எதிராகக் கட்டை காட்டும் அழுத்தத்தில்தான் ஜாஸ் பியானோக்காரருக்கு உயிர். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அப்புறம் போன ஞாயிறு ஒத்திகை. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கோயில் பஜனையில் ஹார்மோனியம் வாசிக்கும் ஒரு அங்கிள், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதில் கூத்துக்கு வாசித்தவர். நம் தெருக்கூத்தைத்தான் இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். அவரையும், ஒரு மஸ்காந்தி கிட்டார்காரரையும், ட்ரம்பெட் வாசிக்கும் ஒரு பள்ளிப் பையனையும் சேர்த்து உட்கார வைத்தோம். பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம் கொண்ட ஒரு சுற்று, அதில் மூன்றே சுரக்கூட்டு (கார்டு). யாரும் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் சண்டை சுருதியில். ட்ரம்பெட் பையன் பி ஃப்ளாட் என்கிறான், அவன் கருவி அப்படி. அதாவது ஆறரைக் கட்டை. "ஆறரையா! யாருப்பா பாடுறது, உங்க தாத்தாவா?" என்றார் அங்கிள். கிட்டார்காரருக்கு ஈ (E) சுருதி, அதாவது மூன்று கட்டை வேண்டும், அவருக்குத் திறந்த தந்திகள் அங்கேதான் நன்றாகப் பேசும். அதோடு அங்கிளின் பழைய பெட்டி, வழக்கமான சுருதியிலிருந்து ஒரு இழை மேலே நிற்கிறது. ஹார்மோனியத்தின் ரீடை அங்கேயே திருகிச் சரிசெய்ய முடியாது. ஆகவே எல்லாரும் பெட்டிக்குத்தான் வர வேண்டும். பையன் ட்ரம்பெட்டின் குழாயை உள்ளே தள்ளினான், கிட்டார்காரர் முறுக்காணியைத் திருகி, கிட்டார் கழுத்தில் தந்திகளை அமுக்கிச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கிளிப்பையும் மாட்டிக்கொண்டார். ஒரு வழியாக ஆறரைக் கட்டையே ஜெயித்தது.

ப்ளூஸில் காந்தாரம், அதாவது 'க' சுரம், சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் ஊசலாடும். பாடகர் குரலை வளைப்பார், கிட்டார்காரர் தந்தியை இழுப்பார். ஹார்மோனியத்தில் வளைப்பது ஏது? அங்கிள் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காவது சுற்றில் சின்னதான சாதாரண காந்தாரத்தைத் தொட்டுக்கொண்டே பெரியதான அந்தர காந்தாரத்துக்கு விரலை வழுக்கிவிட்டார், துருத்தியையும் ஒரு அமுக்கு. கிட்டார்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு "ஹாவ்!" என்றார். ஜூலுவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்த வீடியோவை அங்கிள் சம்மதித்தால் போடுகிறேன். "முடி வெட்டிக்கொண்டு வருகிறேன், அப்புறம் எடு" என்று சொல்லியிருக்கிறார்.

தேதி எப்படி முடிவானது தெரியுமா? செப்டம்பர் 24, பாரம்பரிய தினம், பொது விடுமுறை, பொருத்தமாக இருக்கும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். உடனே பெரியம்மா கூட்டம் எழுந்தது: "அது புரட்டாசி. மட்டன் பன்னி சௌவை யார் வாங்குவா?" பன்னி சௌ என்றால் பன்றியில்லை, ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றுவது. சாப்பாட்டுக் கடைதான் செலவில் பெரும்பகுதியை ஈடு கட்டும், ஆகவே அது அடிபட்டது. ஜூலை பாதிக்கு மேல் ஆடி, மாரியம்மன் கூழ். டிசம்பரில் மழை, தகரக் கூரையில் மழை பெய்தால் ஜாஸ் என்ன, இடி இடித்தாலும் கேட்காது. கடைசியில் ஜூன் 16 பக்கத்து வார இறுதி. குளிர்காலம், மழை இருக்காது. 1976இல் சோவெட்டோவில் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கிய நாள், இளைஞர் தினம். பள்ளிப் பிள்ளைகள் மேடையேறும் விழாவுக்கு வேறு தேதி தேட வேண்டுமா?

கோயில் மண்டபம் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கறி கூடாது, மது கூடாது, அது நியாயம். மது எங்களுக்கும் வேண்டாம். கறி இல்லாமல் முடியாது. மதியம் 12 மணிக்குத் தொடங்கி இரவு 8க்குள் முடித்துவிடுவோம். ஆயாக்கள் வர வேண்டும், டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் பயமில்லாமல் போக வேண்டும்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பாட்டு எழுதியவர்களுக்குச் சேர வேண்டிய தொகைக்கு சாம்ரோ என்ற இசை உரிமை அமைப்பில் உரிமம். கூட்டப் பாதுகாப்புக்கு 2010 சட்டம் இருக்கிறது. 2001இல் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நெரிசலில் 43 பேர் இறந்த பிறகு வந்த சட்டம். போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதில் குறுக்குவழி கேட்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். கரன்ட் போனால் ஜெனரேட்டர், அதுவும் சத்தம் போடாத ரகம். தண்ணீருக்கு ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் டேங்க். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் சுத்திகரிப்பு நிலையமே அடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். குழாயை நம்பி விழா வைக்க மாட்டோம்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. டர்பன், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் யார் வீட்டிலாவது அப்ரைட் பியானோ, அதாவது சுவரோரம் நிமிர்ந்து நிற்கிற வகை, சும்மா துணி மூடிக் கிடந்தால் எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன், ஏற்றி இறக்கும் செலவு எங்களுடையது. மேலே குடும்பப் படங்களை அடுக்கி வைத்திருப்பீர்கள், அவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த வீடியோவில் ஜமுக்காளம் விரித்த பிறகு அதே மண்டபத்தில் கைதட்டிக் காட்டுகிறேன். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியாது.