கதவோரப் பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூர் போகிறவர்களும் பாலக்காடு போகிறவர்களும் ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊர். உங்களுக்குப் பிடித்த புத்தகங்களையும் படங்களையும் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பிடித்ததைச் சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்வதுதான் சிரமம். நூலகத்தில் ஆளின் முகத்தையும், அவர் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தில் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்துத் தருவேன். இங்கே ஒலிவாங்கியைத் தவிர வேறு முகம் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 19 நெருங்கினால் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆள் வரும். கேரளத்தில் அது வாசிப்பு நாள், பி. என். பணிக்கர் மறைந்த நாள். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலக சங்கத்தைத் தொடங்கியவர் அவர். கேரளத்தில் சின்னஞ்சிறு ஊர்களில்கூட நூலகம் இருப்பதற்கு அவர் போட்ட அடித்தளமே காரணம். அந்த நாளுக்காக, மாணவர்கள் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களின் பட்டியல் வேண்டும் என்பார்கள். எழுதித் தருவேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து ஒரு பிள்ளைகூடப் புத்தகம் கேட்டு வந்ததில்லை.

ஆகவே எங்கள் நூலகத்தில் வேறு ஏற்பாடு. வாசற்கதவை ஒட்டி, உடைந்த பெஞ்சின் பலகை ஒன்றைச் சுவரில் அடித்திருக்கிறோம். நானும், மாலையில் வரும் உதவியாளரும், நூலகச் செயலாளரும் ஆளுக்கொரு புத்தகத்தையோ படத்தின் பெயரையோ அதில் வைப்போம். கூடவே இரண்டு வரியில் ஒரு சீட்டு. படித்து முடிக்காததை வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். எங்கள் உதவியாளர் முதல் மூன்று மாதம் எல்லாச் சீட்டிலும் 'அருமை' என்றே எழுதினார். 'எது அருமை என்று எழுதுங்கள்' என்றேன். அடுத்த வாரம் 'எழுத்து பெரிதாக இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை' என்று எழுதி வைத்தார். அன்று மாலைக்குள் அந்தப் புத்தகம் போய்விட்டது.

எங்கள் பகுதிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. முக்கால்வாசிப் பேர் இரண்டு மொழியும் பேசுவோம், வாசிப்பது ஒன்றுதான். தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு மலையாள எழுத்து, பஸ்ஸின் ஊர்ப் பெயரோடு நின்றுவிடும். ஓ. வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' என்ற மலையாள நாவலை எழுதக் காரணமான தஸ்ராக், பாலக்காடு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான். 1969இல் அது புத்தகமாக வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கோ, யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் அதைக் கையில் எடுக்க முடிந்தது. அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்தப் பெருமையில், வாராவாரம் புத்தகம் கேட்கும் ஒரு பாட்டியிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் திரும்பி வந்தது. 'பனையும் காத்தும் நம்ம ஊர்தான் கண்ணு, அந்த வாத்தியார்தான் பிடிபடவில்லை' என்றார், கதை நாயகனைச் சொல்லி. தவறு என்னுடையது. முதலில் மலையாள எழுத்தாளர் பஷீரைக் கொடுத்திருக்க வேண்டும்.

வைக்கம் முகமது பஷீரைத் தமிழுக்குக் கொண்டுவந்த பலரும் எல்லையோரக்காரர்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். குளச்சல் யூசுப் பெயரிலேயே ஊரை வைத்திருக்கிறார். 'மதில்கள்' குறுநாவலை மொழிபெயர்த்த கவிஞர் சுகுமாரன் கோவைக்காரர். சிறையில் ஒரு மதில். இந்தப் பக்கம் எழுத்தாளர், அந்தப் பக்கம் நாராயணி என்ற பெண். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பேச்சு மட்டும்தான். தான் வந்துவிட்டதற்கு அடையாளமாக அவள் ஒரு காய்ந்த கம்பை மதிலுக்கு மேலே தெரியும்படி வீசிப்போடுவாள். அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்தில் பஷீராக மம்மூட்டி நடித்திருக்கிறார். நாராயணியைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். கே. பி. ஏ. சி. லலிதாவின் குரல் மட்டும் வரும். வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பாட்டி அந்தப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, 'அந்தக் கம்பு விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது' என்றார்.

பலகையில் நான் வைத்தவற்றில் அதிக நாள் திரும்பி வராதது 'எரியும் பனிக்காடு'. பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். கண்டதையும் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதினார், தமிழில் இரா. முருகவேள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி மலையேறியவர்கள் கடனும் காய்ச்சலுமாய் மாட்டிக்கொண்ட கதை. 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கு இதுதான் அடிப்படை. படத்தைப் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பேன். படத்தில் அழுகை அதிகம், புத்தகத்தில் கணக்கு அதிகம். கடன் எப்படி ஏறுகிறது என்று பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் ஒருவர் அதை எடுத்துப்போனார். தவணைத் தேதி ஐந்து முறை மாற்றி எழுதினேன். ஆறாம் முறை புத்தகத்தோடு வந்தார். நடுப்பக்கங்களில் மஞ்சள் கறை. நான் முறைத்ததைப் பார்த்து, 'அம்மா அடுப்படியில் இருந்தார்கள் அக்கா, நான் வாசிக்கக் கேட்டார்கள்' என்றார். அவருடைய அம்மா வால்பாறைப் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவராம். அட்டைப்பூச்சி வருகிற இடத்தில் மகனை நிறுத்தச் சொல்லி, காலில் புகையிலையும் சுண்ணாம்பும் எப்படிப் பூசிக்கொள்வார்கள் என்று தன் கணுக்காலிலேயே தடவிக் காட்டியிருக்கிறார். அதற்குமுன் ஒரு நாள்கூட மலையைப் பற்றி வாய் திறந்ததில்லையாம். அபராதம் வாங்கவில்லை. செயலாளர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

பிள்ளைகளுக்கென்று கேட்டால் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைச் சொல்வேன். ஆர். கே. நாராயணின் கதைகளை வைத்து ஷங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்'. 1986இல் தூர்தர்ஷனில் வந்தது. மிச்சத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு படம். 'நண்பகல் நேரத்து மயக்கம்', லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளக் கூட்டத்தில் ஒருவர், மதியத் தூக்கம் கலைந்து எழுந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல்போன சுந்தரம் என்பவரின் வீட்டுக்குள் சொந்த வீடு போல நுழைந்துவிடுவார். பேச்சும் தமிழாகிவிடும். படம் முழுக்கப் பின்னால் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். நூலகத்துக் கூடத்தில் பார்த்து முடித்ததும் ஒரு மணி நேரம் சண்டை. ஆவி புகுந்ததா, கனவா, புத்தி பேதலித்ததா என்று ஆளுக்கொரு கட்சி. மூலையில் இருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், மலையாளக்காரர், எழுந்து நின்றார். 'இதில் என்ன அதிசயம்? நான் காலையில் பாலக்காட்டில் மலையாளம், மதியம் பொள்ளாச்சியில் தமிழ். முப்பது வருடம் யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை' என்றார்.

அவருக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் படத்துக்குப் பிறகு, பலகைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கத் தொடங்கினார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுத் தாமே எழுத்துக் கூட்டினார். போன வாரம் 'மதில்கள்' சீட்டின் முன்னால் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். 'மோளே, இது மதிலுகள் அல்லவா? ஒரு எழுத்தில் கால் போட மறந்துவிட்டாய்' என்றார்.

தமிழில் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

வணக்கம்.