துருவின் மேல் எதைப் பூசுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுகிற ஆள் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்பது, "துருப் பிடிக்காமல் இருக்க எந்தப் பெயிண்ட் நல்லது?" என்பதுதான். "எந்த இடத்துக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆனால் இடம் தெரியாமல் டப்பாவைத் திறந்து பயனில்லை.

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் மூன்றும் கூடினால் துரு. உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுகிப்போய் அந்த உலோகத்தையே காக்கும். இரும்பின் துருவோ பொலபொலவென்று உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழி விடும். தான் தின்ற இரும்பைவிட அதிக இடமும் பிடிக்கும். பெயிண்ட் கொப்புளித்துக் கிளம்புவது அதனால்தான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ரெட் ஆக்சைடு. அதிலுள்ள சிவப்பு நிறமி இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்கு நெருங்கிய சொந்தம்! அந்த நிறமி துருவை எதிர்த்து ஒன்றும் செய்வதில்லை. மேலே பெயிண்ட் அடிக்காமல் மழையில் விட்டால் ஈரம் உள்ளே போய்விடும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்கும் பூச்சு, இதைவிட மேல். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய இரும்புச் சாமான்களில் ஆரஞ்சுச் சிவப்பாக அடியில் தெரிவது ஈயம் கலந்த ரெட் லெட் பூச்சாக இருக்கலாம். துருவை நன்றாகவே தடுத்தது, ஆனால் விஷம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

வெறும் தகடு கையில் இருந்தால் என் தேர்வு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர். ஈரத்தையும் காற்றையும் மறிப்பதில் அது கெட்டிக்காரன். இறுக வைக்கும் இரண்டாவது டப்பாவான ஹார்டனரைக் கண் அளவில் ஊற்றக் கூடாது, அளந்துதான் ஊற்ற வேண்டும். வெயில் பட்டால் மாவு மாவாகிவிடும் என்பதால் மேல்பூச்சு கட்டாயம்.

துத்தநாகம், அதாவது ஜிங்க், வேறு வகை. அது மறிப்பதோடு நிற்காமல், இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபடும். 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பலி கொடுக்கலாம் என்று காட்டினார். ஜிங்க் நிறைந்த பிரைமரின் கணக்கும் அதுதான். கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள ஜிங்க் காப்பாற்றும். ஆனால் ஜிங்க் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, இரும்பையும் தொட்டாக வேண்டும். பழைய பெயிண்ட் மேலோ துரு மேலோ அடித்தால் வெறும் சாம்பல் நிறம்தான் மிச்சம். வெள்ளி நிற அலுமினியம் பெயிண்டை வாங்கி அடித்துவிட்டு ஜிங்க் அடித்ததாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

அப்புறம், துருவைக் கருப்பாக மாற்றும் திரவங்கள். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான்: டானின் அமிலம் இரும்போடு சேர்ந்து கருப்பாகிறது. நன்றாக வேலை செய்யும், துரு மெல்லியதாக இருந்தால். செதில் செதிலாகக் கிளம்பிய துருவில் மேல் தோல் மட்டும் கறுக்கும், அடியில் தின்பது நிற்காது. முதலில் கம்பி பிரஷ், பிறகுதான் திரவம், அதற்கும் மேலே பெயிண்ட். சந்து பொந்தான மூலைகளைத் தவிர வேறெங்கும் நான் இதை நம்புவதில்லை.

தார்ப் பூச்சைப் பற்றி என் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஜீப்பின் அடிப்பக்கம் முழுக்கக் கெட்டியாகத் தார் பூசினேன். கருகருவென்று அழகாக இருந்தது. மூன்றாவது வருடம் ஒரு இடத்தில் விரிசல் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், தார் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது, அதோடு தகடும் வந்தது. விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. தவறு தாரின் மேல் இல்லை, துருவைச் சுரண்டாமல் மேலே பூசிய என் சோம்பலின் மேல். ஆனாலும் அடியில் நடப்பதை மறைக்கிற பூச்சை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

இன்று அடிப்பக்கத்துக்கு எபாக்ஸி, அதன் மேல் மெழுகு. கதவின் உள்பக்கம், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் பெட்டியின் உள்ளே என்று பிரஷ் போகாத இடங்களில் மெழுகோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலினோ அடிக்கிறேன். இவை முழுதாகக் காய்வதில்லை, அதுதான் இவற்றின் பலம்: இடுக்குகளில் ஊர்ந்து போகும், விரிசல் விடாது. தூசி ஒட்டும், ஓரிரு வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டும், மேலே பெயிண்ட் நிற்காது. பரவாயில்லை, யாரும் பார்க்காத இடம்தானே. டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரே போதாதா என்பார்கள். தண்ணீரை விரட்டும், இறுகிய போல்ட்டையும் இளக்கும். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மிக மெல்லியது, திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குப் போதாது.

இன்னொன்று. கதவின் அடியிலும் சேசிஸிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மெழுகு அடிக்கும்போது அவை அடைத்துக்கொள்ளும். மறுநாள் ஒரு கம்பியை விட்டு அவற்றைத் திறந்துவிடுங்கள். வணக்கம்.