பொய்க் குறிப்பும் குற்ற மனமும்

வணக்கம் நேயர்களே.

"டாக்டர் ஃபைலில் பொய் எழுதியிருக்கிறார். உள்ளே தள்ள முடியாதா?" பினாங்கில் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் வருபவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். எழுதியது உண்மையில்லை என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் வழக்கே தொடங்குகிறது.

நள்ளிரவில் வார்டைச் சுற்றிவரும் மருத்துவர், ஒருவருடைய இரத்த அழுத்தத்தைப் பக்கத்துக் கட்டில்காரரின் தாளில் எழுதிவிடுகிறார். நட்டஈடு கேட்கலாம், மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். அதற்காகக் கைவிலங்கு வராது. குற்றவியல் சட்டத்தின் 477ஏ பிரிவு, முதலாளியின் ஏட்டை 'வேண்டுமென்றே', அதுவும் 'ஏமாற்றும் நோக்கத்தோடு' பொய்யாக்கிய ஊழியரைத்தான் பிடிக்கிறது. இரண்டையும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாடு.

மனத்துக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது? பெரும்பாலும் தேதிதான் காட்டிக்கொடுக்கும். நோயாளி இறந்த மறுநாள், விடுபட்ட குறிப்பை மருத்துவர் சேர்க்கிறார். 'தாமதமாக எழுதியது' என்று அன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே வரிகளை முந்தைய நாள் தேதியில், இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதினால்? ஓர் ஆவணம் எழுதப்படாத நேரத்தில் எழுதப்பட்டதாக நம்பவைப்பதையும், அதில் நேர்மையின்மையோ மோசடியோ இருந்தால், 464ஆவது பிரிவு பொய் ஆவணம் என்கிறது. நம் குற்றவியல் சட்டத்தின் வேர், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கணினி இல்லாத காலத்து மூளை! இன்றோ, யார் எந்த நிமிடத்தில் பதிவைத் திருத்தினார் என்பதைப் பல மருத்துவமனைக் கணினிகளே குறித்துவைக்கின்றன.

'கை தவறிவிட்டது' என்ற வாதமும் வரும். ஒருமுறை என்றால் நம்பலாம். செய்யாத சிகிச்சைக்கான பில், மாதாமாதம், ஒரே காப்புறுதி நிறுவனத்துக்கு மட்டும் போகிறதா? தற்செயலா, திட்டமா என்ற கேள்வி எழும்போது, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்த வரிசையையே சாட்சியமாக ஏற்கிறது.

ஒரு சிக்கலான இடம் இருக்கிறது: இரக்கம். தங்கை கல்யாணத்துக்குப் போகவேண்டிய தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, 'பாவம், போய்வரட்டும்' என்று காய்ச்சல் என எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், எழுதித்தருகிறார் ஒரு டாக்டர். காசு வாங்கவில்லை. ஆனால் குற்றவியல் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, ஒருவருக்கு முறையற்ற ஆதாயம் தரவோ இன்னொருவருக்கு முறையற்ற நட்டம் ஏற்படுத்தவோ எண்ணினாலே நேர்மையின்மைதான். அந்த ஆதாயம் டாக்டரின் பைக்கு வரவேண்டும் என்று அப்பிரிவு எங்கும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.