பூனை மீசையில் ஈரம் இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும், எதிரணியில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் மூவருக்கும் வணக்கம். எனக்கு எட்டு நிமிடம். மைக்கை இறக்குவதிலேயே அரை நிமிடம் போய்விட்டது, நடுவர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘நாட்டின் காடுகளைக் காக்கப் பெரிதும் தேவை சட்டமா, காட்டோர மக்களா?’ இதுதான் தலைப்பு. நான் மக்கள் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன், 1952 தேசிய வனக் கொள்கை, 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், 1988 புதிய கொள்கை என்று வரிசையாக ஒப்பித்தார். கடைசியில், “2023 வன அறிக்கைப்படி நாட்டில் காடும் மரமும் சேர்ந்து 25.17 சதவீதம், இது சட்டத்தின் சாதனை” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தட்டுவதற்கு முன்னால், அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, நான் சொல்கிறேன். அதில் மூன்று ஏக்கர், பேராவூரணியில் என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது!

சிரிக்காதீர்கள், அரசாங்கக் கணக்கு. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படம் பார்த்துத்தான் கணக்கெடுக்கிறது. ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் இருக்க வேண்டும். அதில் மரக்கிளைகளின் நிழல் 10 சதவீதத்துக்கு மேல் விழ வேண்டும். விழுந்தால் காடு. யார் நிலம், என்ன மரம், அதெல்லாம் கேள்வியே இல்லை. மாந்தோப்பும் காடு, தென்னந்தோப்பும் காடு.

பொங்கலுக்குப் போனபோது இதை வாய் தவறி மாமனாரிடம் சொல்லிவிட்டேன். மனிதர் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன் மாப்பிள்ளை, அப்ப நான் தேங்கா பறிக்கணும்னா ரேஞ்சர்கிட்ட எழுதிக் கேக்கணுமா?” என்றார். “வேண்டாம் மாமா, பட்டா உங்க பேர்லதானே இருக்கு” என்றேன். “பட்டா இருக்கட்டும். யானை, புலி எதாவது வருமா?” உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த மாமியார் குரல் மட்டும் வந்தது: “அதெல்லாம் எதுக்கு, அந்தக் காட்டுக்குத்தான் ஏற்கனவே ஒரு கரடி இருக்கே!”

மாமனார் காதில் அது விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்துகொண்டார். ஐம்பது வருடக் குடித்தனம், எது விழ வேண்டும், எது விழக் கூடாது என்று காதுக்கே தெரியும். மறுநாள் காலையில் மரமேற வந்தவரிடம், “பாத்து ஏறுப்பா, ஃபாரஸ்ட்டு!” என்கிறார். கீற்று முடைய வந்த அம்மாவிடம், “வனப்பொருள்மா, கணக்கு வேணும்” என்கிறார். அந்த அம்மா என் மனைவியிடம் போய், “அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதே தோப்பில் 2018 நவம்பரில் கஜா புயல் புகுந்தது. இருநூறு மரத்தில் நாற்பது மிச்சம். பிள்ளை மாதிரி வளர்த்த மரமெல்லாம் வேரோடு கிடக்க, மனிதர் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த நாற்பது மரத்து நிழலும் 10 சதவீதத்தைத் தாண்டிவிடுமே! ஆக, கணக்குப்படி அன்றைக்கும் அது காடுதான் அண்ணே. தோப்புக்காரனுக்குத் தெரிந்த நஷ்டம் வானத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியவில்லை. உங்கள் 25.17-க்குள் இப்படி எத்தனை மாமனார்களோ!

கொள்கை சொல்லும் இலக்கு மூன்றில் ஒரு பங்கு, மலைநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதை நான் குறை சொல்லவில்லை. நான் சண்டைக்கு வருவது அண்ணன் கடைசியாக வீசிய ஒரு சொல்லுக்காக. “காட்டு மக்களை நம்பிக் காட்டைக் கொடுப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது” என்றார். கைதட்டல் வேறு.

சரி, பூனை என்றே வைத்துக்கொள்வோம். பால் குறைந்திருக்கிறது, உண்மை. குடித்தது யார்? 1840-களில் நிலம்பூரில் தேக்கு நட்டார் மலபார் கலெக்டர் கனோலி. ஆதிவாசி கட்டில் செய்து படுக்கவா? வெள்ளைக்காரன் கப்பலுக்கு! அப்புறம் ரயில் வந்தது, தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையெல்லாம் காட்டு மரம். நீலகிரியில் சோலைக்கு நடுவே கிடந்த புல்வெளியில் சீகையையும் தைலமரத்தையும் நட்டது தோடரா, கோத்தரா? கறந்து கறந்து கப்பலிலும் ரயிலிலும் ஏற்றிவிட்டு, வெறும் சட்டியைக் காட்டி, பூனையின் மீசையைத் தடவிப் பார்க்கிறீர்கள். ஈரம் இல்லை அண்ணே! அந்தப் பூனை சட்டிப் பக்கம் போனாலே 1882 மதராஸ் வனச் சட்டத்தில் கேஸ் போட்டீர்கள்!

சட்டத்துக்கு எல்லாம் தெரியும் என்றீர்கள். மூங்கில் புல் இனம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும். 1927 இந்திய வனச் சட்டம் அதை மரம் என்றது. அதைத் திருத்த 2017 ஆனது. தொண்ணூறு வருடம்! அதற்குள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம், 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் தன் காட்டின் மீது உரிமை வாங்கிவிட்டது. ஏறக்குறைய 1,800 ஹெக்டேர். அங்கே மூங்கிலை வெட்டுவதும் விற்பதும் கிராம சபை முடிவு. பாலைக் குடித்துத் தீர்த்துவிட்டதா பூனை?

இன்னொன்று. அண்ணன் பெருமையாகச் சொன்ன 1988 கொள்கையை அவர் முழுதாகப் படித்திருந்தால் என் அணியில் உட்கார்ந்திருப்பார். பெண்களும் பங்கேற்கும் பெரிய மக்கள் இயக்கம் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

அந்தக் கொள்கை வந்து நாலு வருடம். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி என்ற பழங்குடி மக்கள் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் ஊருக்குள் புகுந்தார்கள். வீட்டை இடித்தார்கள், தானியத்தை நாசம் செய்தார்கள், கிணற்றுத் தண்ணீரையும் குடிக்க முடியாமல் ஆக்கினார்கள். 18 பெண்களுக்கு நடந்ததை இந்த மேடையில் நான் விவரிக்கப் போவதில்லை. சீருடை போட்டவர்கள் செய்தது.

19 ஆண்டு கழித்து, 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம்தானே தண்டித்தது என்று எதிரணி எழுந்திருக்கும். உட்காருங்கள் அண்ணே. தண்டித்தது சட்டம்தான். கைப்பிள்ளையோடு கோர்ட் வாசலில் நின்றவள் யார்? சாட்சி சொல்லாதே என்று மிரட்டியும் அசையாமல் சொன்னவள் யார்? அன்றைக்கு இளம்பெண்ணாகப் படியேறியவள், தீர்ப்பைக் கேட்கும்போது நடுவயதைத் தாண்டிவிட்டாள். அவளைச் சந்தனத் திருடி என்றார்கள். இன்றைக்கு நீங்கள் பூனை என்கிறீர்கள்.

எனக்கு வெற்றி வேண்டாம் நடுவரே. இந்தத் தலைப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் அண்ணன் இந்த மேடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். மணி அடித்துவிட்டது, தெரிகிறது. அவர் எழுந்திருக்கும்வரை நான் மைக்கை விடுவதாக இல்லை.