பழி விமானத்துக்கு, குற்றம் நாற்காலிக்கு

(ஒரு நிறுவன ஊழியர்களிடம் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாடு முடிந்த கையோடு பேச விட்டிருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் எழுந்து நின்றுகொண்டே கேளுங்கள். வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் உறையும் ரத்தக்கட்டிதான் இன்றைய விஷயம். அதற்கு நிற்பதுதான் பொருத்தம்.

1940, லண்டன். ராத்திரிதோறும் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. ஜனங்கள் பதுங்குமிடங்களில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். படுக்க வசதியில்லை. பலருக்குக் கித்தான் கட்டிய மடக்கு நாற்காலிதான். அதன் முன்சட்டம் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படி உட்கார்ந்தவர்களில் சிலர், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், திடீரென்று செத்தார்கள். கைஸ் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் உடல்களைப் பரிசோதித்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நழுவிப் போய் நுரையீரல் குழாயை அடைத்திருந்தது. இத்தகைய சாவுகள் ஆறு மடங்கு கூடிவிட்டன என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

அப்புறம் 1954இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் நெடுநேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைந்தவர்களைப் பற்றி எழுதினார். விமானம், கார், தியேட்டர் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார். ஆனால் 1977இல் ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’, அதாவது விமானத்தின் மலிவு வகுப்பில் வரும் நோய் என்று ஒரு பெயர் வந்தது. பழி மொத்தமும் விமானத்தின் தலையில் விழுந்தது. எனக்கு இந்தப் பெயரே பிடிக்காது. 2003இல் நியூசிலாந்தில் 32 வயது இளைஞர் ஒருவருக்கு இதே அடைப்பு வந்து உயிருக்கே ஆபத்தானது. அவர் விமானம் ஏறவில்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். உங்களில் சிலர் முகம் மாறுவது தெரிகிறது.

சங்கதி இதுதான். ரத்தத்தைக் கீழே தள்ள இதயம் இருக்கிறது. மேலே ஏற்ற? கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது இறுகி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் ஆழத்துக் குழாய்களை, அதாவது சிரைகளை, பிழிகிறது. முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் அந்தப் பம்பு நின்றுபோகிறது. தேங்கிய ரத்தம் உறையத் தொடங்கலாம்.

4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. விமானம், ரயில், பஸ், கார் எதுவானாலும் சரி. அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும், பதறவேண்டாம். ஆனால் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு உட்கார்ந்தே போகிற பஸ்ஸில், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல், ஓரிடத்திலும் இறங்காமல் வருகிற பெண்களை நினைத்தால் எனக்குக் கவலைதான். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள். இருக்கையிலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஆபீஸில் மணிக்கொரு தரம் எழுந்தால் போதும். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் தூரத்தில் வையுங்கள்.

சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போவதற்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்காதீர்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம்.

கடைசியாக, நம் வீடுகளில் நடப்பது ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால் ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று தைலம் போட்டு நீவிவிடுவோம். தயவுசெய்து நீவாதீர்கள், கட்டி இருந்தால் நழுவக்கூடும். அன்றே டாக்டரிடம் போய், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 108க்குப் போன் போடுங்கள். ரத்தக்கட்டி என்று உறுதியானால் அது வளராமல் தடுக்க மாத்திரை உண்டு. வழக்கமாகக் குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நின்றுகொண்டே கேட்கலாம்.