சாம் கோப்பைப் பூட்டியது யார்? விண்டோஸ் 10-இல் 2021-இல் வெளிப்பட்ட ஓட்டை

(திரை: கறுப்புக் கட்டளைச் சாளரம். ஒரு கோப்பின் அனுமதிப் பட்டியல்.)

இந்த வரியைப் பாருங்கள். 'பில்ட்இன் யூசர்ஸ்', பக்கத்தில் 'ஆர்எக்ஸ்'. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் இந்தக் கோப்பைப் படிக்கலாம் என்று அர்த்தம். சாதாரணக் கோப்பு என்றால் பரவாயில்லை. இது சாம். அந்தக் கணினியில் உள்ள கணக்குகளின் கடவுச்சொல் ஹேஷ்கள், அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த குறியீடுகள், இதற்குள்தான் இருக்கின்றன, அட்மினுடையது உட்பட.

2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்தே இப்படித்தான் இருந்தது. 2021 ஜூலையில் யோனாஸ் லிக்கெகார்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் விண்டோஸ் 11 முன்னோட்டப் பதிப்பைத் துழாவியபோது கண்ணில் பட்டது. சீரியஸ்சாம், ஹைவ்நைட்மேர் என்று இரண்டு பெயர்கள். பெயர் வைப்பதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

சாமை நேராகத் திறக்கப் போனால் ஓட்டை தெரியாது. விண்டோஸ் ஓடும்போது அதைத் தன் பிடியிலேயே வைத்திருக்கும். 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று திருப்பி அனுப்பிவிடும். அனுமதி இல்லை என்பது வேறு, இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது வேறு. வெளியே நிற்பவருக்கு இரண்டும் சாத்திய கதவுதான்.

(திரை: சி டிரைவ். அதிலிருந்து மங்கலான நகல் ஒன்று பிரிகிறது.)

இதுதான் ஷேடோ காப்பி, நிழல் நகல். அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் எடுத்து வைப்பது. சிஸ்டம் டிரைவ் 128 ஜிபியைத் தாண்டினால், ஒரு அப்டேட் போட்டாலே நகல் தானாக உருவாகிவிடும். நகலில் இருக்கும் சாமை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அனுமதிப் பட்டியல் மட்டும் அப்படியே கூட வந்திருக்கும். அப்புறம் என்ன, சாதாரணக் கணக்கிலிருந்தே படித்துவிடலாம். ஹேஷ்களை மறைத்திருக்கும் சாவி 'சிஸ்டம்' என்ற கோப்பில். அதுவும் அதே ஃபோல்டர், அதே தவறு. கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம், என்டிஎல்எம் என்ற விண்டோஸ் உள்நுழைவு முறையில் ஹேஷையே நீட்டி அட்மினாக நுழையலாம்.

இதற்கு முதலில் அந்தக் கணினியில் ஏதோ ஒரு கணக்கு கைவசம் இருக்க வேண்டும். ஓட்டையின் தீவிரத்துக்குத் தந்த மதிப்பெண் 10-க்கு 7.8. ஆனால் மாணவர்கள் மாறி மாறி உட்காரும் கல்லூரி லேபில் அந்த நிபந்தனை ஒரு பொருட்டா?

ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் தந்தது. சரி, முடிந்ததா? இல்லை. திருத்தம் கோப்பின் அனுமதியைச் சரிசெய்யும்; ஏற்கெனவே எடுத்த நகல்களைத் தொடாது. அவற்றை நாமே அழிக்க வேண்டும், அதோடு பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பழைய மீட்புப் புள்ளிகளும் போய்விடும். அதனால் முதலில் அப்டேட், பிறகு அழிப்பு, கடைசியாகப் புதிய மீட்புப் புள்ளி. வரிசையை மாற்றினால் புது நகலிலும் பழைய அனுமதியே ஏறிக்கொள்ளும்.